ஷமீம் மூடாத அடைப்புக்குறி

சென்னையில் சனிக்கிழமை மாலை எனக்குக் கைதட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை புகார் வந்தது. இரண்டும் ஒரே காரியத்துக்காக.

நான் ஈப்போக்காரி. மலேசியாவில் முப்பது வருஷம் பாடநூல் பக்கங்களைக் கணினியில் வடிவமைத்துக் காலம் தள்ளியவள். அந்த வேலை தந்த எரிச்சலில் சொந்தமாக ஒரு மொழியே எழுதினேன். பெயர் 'ஏடு'. இது தலைப்பு, இது பத்தி, இது பட்டியல் என்று சாதாரண எழுத்தில் குறியிட்டுக் கொடுத்தால், கணினி அதைப் படித்து அச்சுக்குத் தயாரான பக்கமாக அடுக்கித் தரும். எது சரியான ஏடு, எது தவறான ஏடு என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்ல நாற்பது விதிகள் எழுதினேன். ஒரு பக்கம் என்பது தலைப்பும் உடலும். உடல் என்பது ஒன்றோ பலவோ பகுதிகள். பகுதிக்குள் பத்தி வரலாம், பட்டியல் வரலாம். பட்டியல் என்றால் ஓர் அடைப்புக்குறியில் திறந்து இன்னோர் அடைப்புக்குறியில் மூடவேண்டும். இப்படியே கீழே கீழே இறங்கிக் கடைசி எழுத்துவரை போகும். கணினிக்காரர்கள் இதை முறைசார் இலக்கணம் என்பார்கள். அதை வாசித்துக் காட்டத்தான் சென்னைக்கு வந்தேன். "இனி இதில் ஒரு புள்ளி மாறாது" என்று மேடையில் முடித்தேன். கைதட்டு அதற்குத்தான்.

மறுநாள் காலை விடுதியில் பசியாறிக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் ஒரு குரல் பதிவு வந்தது.

"அக்கா, உத்திரமேரூர் பிரஸ் ஷமீம் பேசறேன். போன மாசம் வந்த உங்க புது வெர்ஷன் போட்டு திருவிழா நோட்டீஸ் அடிச்சேன்கா. ஊரே ரெண்டா பூட்சி. தபசுக்கு மரம் தர மாட்டேன்றாங்க. நான் ஒரு பக்கமா சாஞ்சிட்டேன்னு சொல்லிக்கினு கீறாங்க. நீங்க மெட்ராஸ்லதானே கீறீங்க? ஒரு எட்டு வந்துட்டு போங்கக்கா."

ஏட்டைப் பயன்படுத்துகிறவர்கள் எல்லோரையும் ஒரே வேனில் ஏற்றிவிடலாம். அதில் ஷமீமுக்கு முன் இருக்கை. எட்டு வருஷமாக அவளுடைய அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை முதல் காதுகுத்து அழைப்பு வரை எல்லாம் ஏட்டில்தான். பார்த்ததில்லை, மின்னஞ்சல் பழக்கம் மட்டும். ஏதோ சின்னக் கோளாறாக இருக்கும், போனோமா சரிசெய்தோமா என்று அன்றே திரும்பிவிடலாம் என நினைத்துக்கொண்டு ஒரே ஒரு மாற்றுப் புடவையோடு கிளம்பினேன்.

பேருந்தில் பக்கத்து இருக்கை அம்மாள் மடியில் கத்திரிக்காய்ப் பையோடு என்னை மேலும் கீழும் பார்த்தார். ஊர், பேர், பிள்ளைகள் எல்லாம் விசாரித்துவிட்டு, "இன்னா வேல பாக்குறீங்க?" என்றார். எனக்கு என் வேலையை விளக்குவதில் சலிப்பே வராது. இலையில் உப்பு எங்கே, பொரியல் எங்கே, சோறு எங்கே என்று ஒரு முறை இருக்கிறதல்லவா, அப்படித் தாளில் எழுத்து எங்கே உட்கார வேண்டும் என்று விதி எழுதுகிறேன் என்றேன்.

"அப்போ எது எங்க வெக்கணும்னு சொல்லிக்கினே இருக்கறதுதான் வேல?" என்றார். "எங்க வூட்ல அத்த எம் மாமியாரு சொம்மாவே செஞ்சிக்கினு கீறாங்க."

நாற்பது விதிகளுக்கும் அவ்வளவுதான் மரியாதை. ஒரு கூட்ரோட்டில் பேருந்தின் பின்சக்கரம் உட்கார்ந்துவிட்டது. சித்திரை வெயிலில் எல்லோரும் இறங்கி நின்றோம். ஈப்போவில் என்றால் இந்நேரம் ஆளாளுக்குக் கைப்பேசியில் புகார் எழுதிக்கொண்டிருப்போம். இங்கே நடத்துநரும் பயணிகளும் ஒரே குடும்பம் மாதிரி புளியமர நிழலில் உட்கார்ந்து நுங்கு வாங்கித் தின்றார்கள். அடுத்த பேருந்தில் நின்றுகொண்டே போய்ச் சேர்ந்தேன்.

உத்திரமேரூரில் ஆட்டோவில் ஏறி, வாய் திறந்து அச்சகம் என்று சொல்வதற்குள் வண்டி புறப்பட்டுக் கோயில் வாசலில் நின்றது. "கல்வெட்டு பாக்கத்தானே வந்தீங்க? வெளியூர் ஆளுன்னா அதுக்குதான் வருவாங்க" என்றார் ஓட்டுநர். கோயில் நடை சாத்தியிருந்தது. ஊர் நிர்வாகத்துக்கு யார் தகுதி, யார் தகுதியில்லை என்று சுவர் முழுக்க விதி வெட்டிவைத்த ஊர் இது. விதி எழுதிப் பிழைக்கிறவள் என்ற முறையில் எனக்கு லேசாகப் பொறாமைதான். பூட்டிய கதவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அச்சகத்துக்குப் போகச் சொன்னேன்.

ஷமீமுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக்கொண்டு அதையே மேசையில் தேடிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை, நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். மேசையில் மஞ்சள் தாளில் அச்சடித்த நோட்டீஸ் கட்டு ஒன்று சணல் கட்டி இருந்தது. ஒவ்வொரு தாளின் மூலையிலும் மஞ்சள் குங்குமம் தடவிய அடையாளம்.

"திருப்பி வெச்சிட்டு போய்ட்டாங்கக்கா. இருவது வூட்டு நோட்டீசு. சாமி படம் போட்டத யாரும் திருப்பித் தர மாட்டாங்க. கோவம்னா அம்மாங் கோவம்."

நோட்டீசை எடுத்துப் பார்த்தேன். மாகறல் போகிற பக்கத்தில் ஒரு சிற்றூர். பெயர் போடக்கூடாது என்று ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டார்கள், போடவில்லை. அங்கே திரௌபதி அம்மன் கோயிலில் பாரதத் திருவிழா. பதினெட்டு நாள் பகலில் பாரதக் கதை சொல்வார்கள், அதற்கேற்பக் கூத்தும் நடக்கும், கடைசியில் தீமிதி. ஒவ்வொரு நாளுக்கும் தேதி, அன்றைய கதை, செலவை ஏற்கும் உபயதாரர் என்று நோட்டீஸ் வரிசையாகச் சொல்லும். நாள் என்பது தேதி, கதை, உபயம். உபயம் என்பது பெயர்ப் பட்டியல். என் இலக்கணத்தில் வார்த்தது போல இருந்தது. பெருமையாகக்கூட இருந்தது.

"இதில் என்ன தப்பு?" என்றேன்.

ஷமீம் பன்னிரண்டாம் நாளைத் தொட்டுக் காட்டினாள். அர்ச்சுனன் தபசு. உயரமான பனைமரத்தை நட்டு, அர்ச்சுனன் வேடக்காரர் பாடிக்கொண்டே அதன் உச்சிவரை ஏறுவார். திருவிழாவிலேயே பெரிய கூட்டம் அன்றைக்குத்தான். உபயம்: ஏகாம்பரம் வகையறா, துளசிங்கம் வகையறா. வகையறா என்றால் ஒரே வழியில் வந்த பங்காளிக் குடும்பங்கள். மரம் கொடுப்பது துளசிங்கம் வகையறா. அந்த மரத்தில் ஏறுவதற்குப் படிக்கட்டைகளை அடித்து, வடம் கட்டி நிறுத்துவது ஏகாம்பரம் வகையறா. மரம் இல்லாமல் படி இல்லை, படி இல்லாமல் மரத்தில் ஏற முடியாது. அதனால் யாரும் முதல் இல்லை, யாரும் இரண்டாவது இல்லை என்பது ஊர்க்கட்டு.

"ஆனால் தாளில் யாரோ ஒருவர் மேலேதானே வரவேண்டும்?" என்றேன்.

"அதுக்குதாங்க்கா பாதிக்குப் பாதி. பாதி நோட்டீசுல ஏகாம்பரம் மேல, பாதில துளசிங்கம் மேல. ரெண்டையும் கலந்து கட்டிக் குடுத்துடுவோம். எந்த வூட்டுக்கு எது போவுதோ அது அம்மன் பாத்துக்கும். எங்க அப்பா காலத்துலேர்ந்து இப்பிடித்தான்."

பழைய நாளில் பாதி அச்சடித்ததும் எந்திரத்தை நிறுத்திப் பெயரை மாற்றிக் கோப்பார்களாம். ஏடு வந்தபிறகு ஷமீமுக்கு அந்த வேலையும் இல்லாமல் போயிற்று. ஒரு தாளில் நோட்டீஸ் இரண்டு பிரதியாக அச்சாகும், பிறகு நடுவில் வெட்டுவார்கள். முதல் வருஷம் அவசரத்தில் அந்தப் பட்டியலின் அடைப்புக்குறியை மூட மறந்துவிட்டாள். மூடாத பட்டியல், இடப்பக்கப் பிரதியில் முடியாமல் வலப்பக்கப் பிரதிக்கு வழிந்தது. கடைசியாக நின்ற பெயர் அங்கே முதலில் ஏறிக்கொண்டது. இடப்பக்கம் ஏகாம்பரம் மேலே, வலப்பக்கம் துளசிங்கம் மேலே. வெட்டிக் கலந்தால் சரிபாதி. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் அவள் வேண்டுமென்றே அந்தக் குறியை மூடுவதில்லை.

புதிய பதிப்பில் நான் பெருமையாகச் சேர்த்த வசதியே அதுதான். மறதியாகத் திறந்து விட்ட அடைப்புக்குறியை ஏடு தானே கண்டுபிடித்து, சத்தமில்லாமல் மூடிவிடும். பயனருக்கு ஒரு தொந்தரவும் இருக்காது என்று மேடையில் சொல்லியிருந்தேன். அது மூடிவிட்டது. ஆயிரம் நோட்டீசிலும் ஏகாம்பரம் மேலே. ஷமீம் வழக்கம்போல இடப்பக்கத்தை மட்டும் படித்துப் பார்த்து அச்சுக்குக் கொடுத்திருக்கிறாள். வலப்பக்கம்தான் எட்டு வருஷமாகத் தானாகவே சரியாக வந்துகொண்டிருந்ததே!

"இதை நீ எனக்குச் சொல்லியிருக்கலாமே, ஷமீம்" என்றேன், கொஞ்சம் அதட்டலாகவே.

அவள் கைப்பேசியில் ஐந்து வருஷத்துக்கு முந்தைய மின்னஞ்சலைத் தேடி எடுத்து என் முன்னால் வைத்தாள். 'அக்கா, பட்டியல மூடாம விட்டா ரெண்டாவது பிரதில பேரு மாறி வருது. ரொம்ப உபயோகமா கீது. இப்படி யோசிச்சு செஞ்சதுக்கு நன்றி.' அதற்குக் கீழே என் பதில்: 'தெரிவித்தமைக்கு நன்றி. பிழை குறித்துக்கொள்ளப்பட்டது. வரும் பதிப்பில் சரிசெய்யப்படும்.'

வாசித்துவிட்டுத் தலை நிமிர வெட்கமாக இருந்தது. அவள் எழுதியது நன்றிக் கடிதம். நான் அதைப் பிழைப் பட்டியலில் கோத்துவைத்திருக்கிறேன். ஐந்து வருஷம் கழித்து நினைவாகச் சரியும் செய்திருக்கிறேன்.

அதற்குள் அவள் அம்மா கைப்பேசியில் அழைத்து உருதுவில் ஏதோ பொரிந்தார். என்ன என்று கேட்டேன். "வந்தவங்கள பேசறதுக்கு முன்னாடி சோறு போட்டியான்னு கேக்கறாங்க. பசியோட இருக்கறவங்க தப்ப ஒத்துக்க மாட்டாங்களாம்" என்றாள். அன்று மதியம் அவர்கள் வீட்டில் குஸ்காவும் தால்சாவும். இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். தப்பையும் ஒத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஷமீமின் ஸ்கூட்டியில் அந்த ஊருக்குப் போனோம். ஏரியில் தண்ணீர் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது, கடைசிப் போக நெல்லுக்கு முறை வைத்துப் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள். துளசிங்கம் பனந்தோப்பில் இருந்தார். அறுபது வயது, ஒல்லி உடம்பு, தோளில் துண்டு. ஷமீமைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் நுங்கு வெட்டி இரண்டு பேர் கையிலும் கொடுத்தார். கோபம் வேறு, வந்தவர்களுக்குக் கொடுப்பது வேறு போலிருக்கிறது.

"நைனா, இவங்கதான் அந்த சாப்ட்வேரு செஞ்சவங்க" என்றாள் ஷமீம். துளசிங்கம், ஏகாம்பரம் இருவரையுமே அவள் அப்பா முறை வைத்து நைனா என்றுதான் கூப்பிடுவாள். அதிலும் கணக்காக இருந்திருக்கிறாள்.

"சாப்ட்வேரு கெடக்கட்டும். ஏகாம்பரத்தோட பொண்ணும் இவளும் ஒண்ணா பட்ச்சதுங்க. அதான் பேர மேல தூக்கி வெச்சிட்டா. எங்களுக்கு இன்னா தெரியாதா?"

"அம்மன் மேல சத்தியமா சொல்றேன் நைனா" என்றாள் ஷமீம். "நான் எந்தப் பக்கமும் கெடயாது."

எனக்குச் சுருக்கென்றது. ஆயிரம் தாள் போனால் மறுபடி அடிக்கலாம். இந்தப் பெண் எந்தப் பக்கமும் சாயாதவள் என்ற பேரில்தான் இருபது ஊர்த் திருவிழா நோட்டீசும் அவள் அச்சகத்துக்கு வருகிறது. அந்தப் பேரை நான் ஒரே ஒரு குறியால் மூடியிருக்கிறேன். மரம் வருவதும் வராததும் ஒரு பக்கம், இதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

நான் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. அங்கேயே தீர்வுகளை எடுத்து விட்டேன். அகரவரிசைப்படி பெயர் போடலாம், யாரும் குறை சொல்ல முடியாது என்றேன். துளசிங்கம் விரல்விட்டு ஓதிப் பார்த்தார். "ஏ மின்னாடி வருமா, து மின்னாடி வருமா?" என்றார். அந்த யோசனையைக் கைவிட்டேன். ஒரே வரியில் அருகருகே போடலாம் என்றேன். இடதுதான் முதல் என்றார். வட்டமாகச் சுற்றிப் போடலாம் என்றேன், கொஞ்சம் அசடு வழிந்துகொண்டே. "வட்டத்துக்கு உச்சி இல்லியா?" என்றார். வரைபடத்துக்கு ஒரு குச்சியை எடுத்து மண்ணில் கோடு போட்டவள், குச்சியைக் கீழே போட்டேன்.

ஏகாம்பரம் வீட்டில் வேறு விதமான தொல்லை. குண்டான, சிரித்த முகக்காரர். உற்சாகமாக வரவேற்றுக் கேழ்வரகுக் கூழும் மோர் மிளகாயும் வைத்தார். நோட்டீஸ் கதவில் ஒட்டியிருந்தது. "நாங்க யார் கிட்டயும் எம்பேர மேல போடுன்னு கேக்கல. தானா வந்துச்சி. தானா வந்தத வேணாம்னு சொன்னா அம்மன் கோச்சிக்கும்" என்றார். உள்ளேயிருந்து அவர் மனைவி குரல் வந்தது: "பேரு மேல கீது. ஏற்றதுக்கு மரம் எங்க கீது? உன் தலமேலயா ஏறுவான் அர்ச்சுனன்?" ஏகாம்பரம் சிரிப்பதை நிறுத்திவிட்டுக் கூழைக் குடித்தார்.

தபசுக்கு இன்னும் நான்கு நாள்தான் இருந்தது. எனக்கு விமானம் அதற்கு முந்தைய நாள். திரும்பும் வழியில் வண்டியின் கண்ணாடியில் ஷமீமின் கண்ணைப் பார்த்தேன். அன்றே திரும்பிவிடலாம் என்று ஒரே புடவையோடு வந்த என்மேல் எனக்கே கோபம் வந்தது. உத்திரமேரூர்க் கடைவீதியில் இறங்கி இன்னும் இரண்டு புடவை வாங்கினேன்.

நான் வந்த மூன்றாம் நாள் பிற்பகல், கதை தொடங்குமுன் கோயில் பந்தலுக்குப் போனோம். ஊரே உட்கார்ந்திருந்தது. ஏகாம்பரம் ஒரு ஓரம், துளசிங்கம் எதிர் ஓரம். பாரதம் சொல்பவரிடம் ஐந்து நிமிஷம் கேட்டு ஒலிவாங்கியை வாங்கினேன். வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியில் என் குரல் வயல்வெளி தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. சென்னை மேடையில் இருந்த தைரியத்தில் பாதிகூட இல்லை.

ஆனாலும் முறையாகவே தொடங்கினேன். பட்டியல் என்றால் என்ன, அடைப்புக்குறி என்றால் என்ன, திறந்தால் ஏன் மூட வேண்டும். முன்வரிசையில் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டது எனக்கே கேட்டது: "இன்னாமே சொல்லுது அந்தம்மா?" "தெரிலயே. எதையோ மூடிச்சாம்."

துளசிங்கம் எழுந்தார். "யம்மா, நிறுத்து. நான் கேக்கறதுக்கு பதில் சொல்லு. அந்தக் குறிய இவ தெறந்து வெச்சிருந்தா. சரியா?"

"சரி."

"அதால ரெண்டு பக்கமும் மொறையா பாஞ்சிக்கினு இருந்துச்சி. நீ வந்து, எவனோ மறந்து போய் மடைய தெறந்து போட்டுட்டான்னு நெனச்சி மூடிட்ட."

நாற்பது விதியில் நான் சொல்ல முடியாததை அவர் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

"ஆமாம்" என்றேன். "அவள் மறக்கவில்லை. தெரிந்துதான் திறந்து வைத்தாள். ஐந்து வருஷத்துக்கு முன்னாலேயே எனக்கு எழுதிச் சொல்லியும் இருக்கிறாள். நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கேட்காமல் மூடியது நான். ஷமீம் எந்தப் பக்கமும் சாயவில்லை. தப்பு முழுக்க என்னுடையது."

எல்லாம் ஒலிபெருக்கியில் போனது. ஏரிக்கரையில் மாடு மேய்த்தவர்கள்கூடக் கேட்டிருப்பார்கள். வாழ்க்கையில் என் நிரலில் ஒரு பிழை என்று நான் இவ்வளவு சத்தமாகச் சொன்னதில்லை. சொல்லி முடித்ததும் ஒலிவாங்கியைத் திருப்பிக் கொடுத்தேன்.

துளசிங்கம் ஷமீமைப் பார்த்தார். "இத்த நீ மின்னாடியே சொல்லக் கூடாதா?"

"சொன்னேன் நைனா. நீங்கதான் மூஞ்சிய திருப்பிக்கினீங்க."

பந்தலில் சிரிப்பு எழுந்தது. அவரும் துண்டால் வாயைத் துடைத்து மறைத்துக்கொண்டார். பிறகு பொதுவாகச் சொன்னார்: பழைய நோட்டீசை எல்லாம் திரும்ப வாங்கவேண்டும், பாதிக்குப் பாதியாகப் புதுசு அடித்து எல்லா வீட்டுக்கும் கொடுக்கவேண்டும், தப்பு யாருடையது என்று நோட்டீசின் அடியில் ஒரு வரி வரவேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வருஷம் யாராவது ஷமீமைத்தான் சொல்வார்கள்.

இப்போது எல்லோரும் ஏகாம்பரத்தைப் பார்த்தார்கள். அவர் பேர் மேலே இருக்கும் ஆயிரம் தாளை விட்டுக்கொடுக்க வேண்டியவர் அவர்தான். அவர் தொடையைத் தடவிக்கொண்டார். பெண்கள் பக்கத்திலிருந்து அவர் மனைவி தொண்டையைச் செருமினார்.

"எங்க நைனா காலத்துல ஒரு தபா எங்க பேரு கீய வந்த நோட்டீசு எங்க வூட்டுக்கு வந்துச்சி" என்றார் ஏகாம்பரம். "அத்தத்தான் கதவுல ஒட்டினாரு. நான் அயுதேன். வந்தத ஒட்டுடான்னு சொல்ட்டாரு." எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "கதவுல ஒட்னத கிழிக்கக் கூடாது. தண்ணி போட்டு ஒயுங்கா எடுத்துத் தரேன்."

நான்காம் நாள் முழுக்க அச்சகத்தில். ஷமீமுக்குப் பழைய பதிப்பைத் திரும்பப் போட்டுக் கொடுத்தாலே போதும். ஆனால் அவள் இனியும் என் பிழையை நம்பிப் பிழைக்க வேண்டியதில்லை என்று தோன்றியது. அவள் மேசையிலேயே உட்கார்ந்து நாற்பத்தோராவது விதியை எழுதினேன். பட்டியலில் ஒரு புதிய வகை, பெயர் 'சமம்'. சமத்தில் வரும் பெயர்களுக்கு முதல் கடைசி கிடையாது. ஒவ்வொரு பிரதியிலும் அவை முறை மாறி வரும். ஒரு புள்ளி மாறாது என்று சொல்லி ஐந்து நாள் ஆகவில்லை. ஷமீம் தோள்மேல் எட்டிப் பார்த்து, "மூணு பேரு இருந்தா, அக்கா?" என்றாள். மூன்று பேருக்கும் முறை வருமாறு மாற்றி எழுதினேன். இன்னொரு காப்பியும் பன் பட்டர் ஜாமும் வந்தன. எங்கள் ஈப்போக் காப்பிக்கு நிகரில்லை என்று சொல்லியே பழகியவள், அன்று ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.

தாள் வெளியே வந்தது. இடப்பக்கம் ஒருவர் மேலே, வலப்பக்கம் மற்றவர் மேலே. இந்த முறை ஷமீம் இரண்டு பக்கத்தையும் விரல் வைத்துப் படித்தாள். அடியில் சின்ன எழுத்தில்: 'முன்பு வந்த நோட்டீசில் நேர்ந்த பிழைக்கு ஈப்போ வசந்தி பொறுப்பு.' அந்த வரியில் என் பெயர் தனியாக நின்றது, வரிசைச் சண்டைக்கே இடமில்லை. வெட்டிய தாள்களைச் சீட்டுக் கலைப்பது போலக் கலைத்துக் கட்டினாள்.

விமானத்தைத் தள்ளிப் போட்டேன். தபசன்று காலை பனைமரம் வந்தது. துளசிங்கம் வகையறா ஆட்கள் டிராக்டரில் ஏற்றி வந்தார்கள், ஊர் எல்லையில் இறக்கித் தோளில் எடுத்தார்கள். கோயில் வாசலில் ஏகாம்பரம் படிக்கட்டைகளையும் வடத்தையும் குவித்துவைத்துக் காத்திருந்தார். மரத்தைக் கிடத்தியதும் அவர் முதல் கட்டையை வைக்க, துளசிங்கம் அதைப் பிடித்துக்கொண்டார். ஆணி இறங்கியது. ஷமீம் என் கையைப் பிடித்திருந்தாள், அது வலிக்கிற அளவுக்கு இறுகியிருந்தது. கூட்டத்தில் யாரோ சத்தமாக, "ஷமீமு, எம் பையன் கல்யாணப் பத்திரிக எப்போ வந்து குடுக்கட்டும்?" என்றார்கள். அவள் கையை விட்டுவிட்டுக் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டாள்.

எனக்கென்று ஒரு நோட்டீசைக் கட்டின் நடுவிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு உருவித் தந்தாள். ஈப்போவில் என் வீட்டுக் கதவில் அதை ஒட்டியிருக்கிறேன். பார்க்க வருகிறவர்கள் படித்துவிட்டு, "அட, இவர்தான் முதலா?" என்பார்கள். எனக்கு வந்தது அது, அவ்வளவுதான் என்பேன்.

ஒன்று சொல்லியாக வேண்டும். இந்தக் கட்டுரையை எழுதி முடித்துப் படித்தபோது, இரண்டு பெயரும் சேர்ந்து வரும் இடங்களில் ஒருவரையே பல தடவை முதலில் எழுதியிருந்தேன். திருத்தினால் மற்றவர் முதலில் வந்தார். நல்லவேளை, இந்தப் பத்திரிகையின் பக்கங்களும் ஏட்டில்தான் அமைகின்றன. ஆசிரியரிடம் கேட்டேன். சிரித்தார், பிறகு சம்மதித்தார். அந்த இடங்களில் எல்லாம் நாற்பத்தோராவது விதியைப் போட்டிருக்கிறேன். பாதிப் பிரதிகளில் ஒருவர் முன்னால், பாதியில் மற்றவர். உங்கள் கைக்கு எந்தப் பாதி வந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது.